ஒரே ஸ்கேன், இரண்டு இ.எஃப்.: ஃபில்டர் செய்யும் வேலை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணுக்கு எடுத்த கேட்டட் ஸ்பெக்ட் இதய ஸ்கேன், அதாவது உடலில் ஏற்றிய கதிரியக்க மருந்தின் கதிர்களை வைத்து, ஒவ்வொரு இதயத்துடிப்பையும் பல கட்டங்களாக (ஃப்ரேம்களாக) பிரித்து எடுக்கும் படம். அதே டேட்டாவை இரண்டு பேர் தனித்தனியாகப் புராசஸ் செய்திருக்கிறார்கள். மென்பொருளும் ஒன்றுதான், ஃபில்டர் மட்டும் வேறு. ஒருவருக்கு இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு) 67 சதவீதம், மற்றவருக்கு 77. எது சரி, ஏன் இவ்வளவு வித்தியாசம், எந்த ஃபில்டரைப் போட வேண்டும்?

இரண்டு பேருமே தப்பாக எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. ஃபில்டர் என்றால் படத்தைப் பார்வைக்கு நன்றாக்குவதற்காகக் கடைசியில் போடுகிற பூச்சு என்று பலர் நினைக்கிறார்கள், அங்கேதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. இ.எஃப். கணக்கிடும் மென்பொருளுக்குக் கிடைப்பது ஃபில்டர் வழியாக வந்த படம் மட்டும்தான். இதயத்தின் சுவர் எங்கே இருக்கிறது என்று அது முடிவு செய்வதே அந்தப் படத்தை வைத்துத்தான். அதனால் ஃபில்டரை மாற்றினால் சுவர் நகர்கிறது, சுவர் நகர்ந்தால் கொள்ளளவு மாறுகிறது, கொள்ளளவு மாறினால் இ.எஃப். மாறுகிறது. எந்தப் பக்கம் மாறும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லவும் முடியும்: இடத்தில் ஸ்மூத் ஆக்கினால், அதாவது பக்கத்துப் பிக்சல்களைக் கலந்தால், இ.எஃப். மேலே போகும், நேரத்தில் ஸ்மூத் ஆக்கினால், அதாவது பக்கத்து ஃப்ரேம்களைக் கலந்தால், கீழே வரும். இரண்டுக்கும் நாம் "ஸ்மூத்" என்ற ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம், ஆனால் இழுப்பது எதிரெதிர்ப் பக்கம்.

இடத்து ஃபில்டரை முதலில் பார்ப்போம், உங்கள் கேள்வி அதைப் பற்றியதுதான்.

இடது வெண்ட்ரிக்கிளின் (இடது கீழறையின்) சுவர், இதயம் விரிந்த நிலையில், சுமார் 10 மி.மீ. தடிமன். ஸ்பெக்ட் படத்தின் ரெசல்யூஷன், அதாவது ஒரு புள்ளி எவ்வளவு பரவி மங்கலாகத் தெரியும் என்பது, வழக்கமான காமா கேமராவில், 10 முதல் 15 மி.மீ. வரை. அதாவது நாம் அளக்க வேண்டிய பொருள், அளக்கும் கருவியின் மங்கலைவிட மெல்லியது. அதனால் படத்தில் தெரியும் சுவரின் அகலம் உண்மையான தடிமன் இல்லை, பெரும்பகுதி மங்கல்தான். சுவர் தடிக்கும்போது படத்தில் அது அகலமாவதைவிடப் பிரகாசமாவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பார்ஷியல் வால்யூம் விளைவு என்பது இதுதான். இந்த மங்கலான வளையத்தின் உள்விளிம்பு எங்கே என்று மென்பொருள் கண்டுபிடிக்க வேண்டும்.

அதை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு வழியில் செய்கிறது. சீடார்ஸ் சைனாயில் உருவான க்யூஜிஎஸ், சுவருக்குக் குறுக்கே கவுண்ட் (பதிவான கதிர்களின் எண்ணிக்கை) ஏறி இறங்கும் கோட்டின் மேல் இரு பக்கமும் சமமில்லாத ஒரு காஸியன் (மணி வடிவ) வளைவைப் பொருத்தி, உச்சியிலிருந்து வளைவின் அகலத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு உள்ளே தள்ளி உள்சுவரை வைக்கிறது. எமரி டூல்பாக்ஸ் வேறு மாதிரி: கவுண்ட் அதிகமாக இருக்கும் இடத்தைச் சுவரின் நடுக்கோடாக எடுத்துக்கொண்டு, விரிந்த நிலையில் தடிமன் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறது, பிறகு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் பிரகாசம் கூடுவதை வைத்துத் தடிப்பைக் கணக்கிடுகிறது. முதல் வகையில் ஃபில்டரின் பாதிப்பு நேரடியானது: ஸ்மூத் ஆக்கினால் வளைவு அகலமாகும், அகலமானால் உள்விளிம்பு குழியை நோக்கி நகரும், குழி சின்னதாகும். இரண்டாவது வகை அகலத்தை நம்பவில்லைதான், ஆனால் உச்சியை நம்புகிறது. குழி சின்னதாக இருக்கும்போது எதிரெதிர்ச் சுவர்களின் மங்கல் நடுவில் ஒன்றோடொன்று கலந்து உச்சியையே உள்ளே இழுத்துவிடும். ஆக இரண்டு வகையுமே தப்பிக்கவில்லை, தப்பிக்கும் அளவுதான் வேறு.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இ.எஃப். என்பது விரிந்த கொள்ளளவிலிருந்து சுருங்கிய கொள்ளளவைக் கழித்து, விரிந்த கொள்ளளவால் வகுப்பது. ஒரு சின்ன இதயம்: விரிந்த நிலையில் 60 மி.லி., சுருங்கிய நிலையில் 20 மி.லி. இ.எஃப். 66.7. கொஞ்சம் கூடுதலாக ஸ்மூத் ஆக்கியதில் இரண்டு நிலையிலும் ஆளுக்கு 8 மி.லி. காணாமல் போனது என்று வைத்துக்கொள்வோம். 52, 12. வெளியேற்றிய அளவு அதே 40 மி.லி.தான், ஆனால் வகுக்கும் எண் 52 ஆகிவிட்டது. இ.எஃப். 76.9. இரண்டிலும் சமமாகத்தான் குறைந்தது, அப்படியும் 10 புள்ளி ஏறிவிட்டது. உங்கள் 67-க்கும் 77-க்கும் இடையே நடந்தது ஏறக்குறைய இதுவாகத்தான் இருக்கும்.

அதே 8 மி.லி.யை ஒரு பெரிய இதயத்தில் கழித்துப் பாருங்கள். விரிந்தது 220, சுருங்கியது 150, இ.எஃப். 31.8. கழித்த பிறகு 212, 142, இ.எஃப். 33.0. ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஃபில்டரை மாற்றிப் பார்த்துவிட்டு "எங்களிடம் பெரிய மாற்றமே இல்லையே" என்று ஒருவரும் "பயங்கரமாக மாறுகிறது" என்று இன்னொருவரும் சொல்வது ஏன் என்று இதிலேயே தெரிந்துவிடும். அவர்கள் பார்த்த இதயங்களின் அளவு வேறு.

உண்மையில் இழப்பு சமமாகவும் இருப்பதில்லை. சுருங்கிய நிலையில்தான் சுவர் தடித்து, குழி குறுகி, எதிர்ச்சுவர்கள் நெருங்குகின்றன; மங்கல் அதிகம் விழுங்குவதும் அப்போதுதான். சின்ன இதயத்தில் சுருங்கிய ஃப்ரேமின் குறுக்குவெட்டைத் திறந்தால் நடுவில் கறுப்பாக ஒரு குழி தெரிய வேண்டிய இடத்தில் முழுக்க நிரம்பிய ஒரு வட்டம்தான் இருக்கும். அந்தப் படத்தின் மேல் மென்பொருள் போட்டிருக்கும் உள்விளிம்புக் கோடு, எந்த ஆதாரமும் இல்லாமல் நடுவில் ஒரு சின்ன வளையமாக நிற்கும். சுருங்கிய கொள்ளளவு 6 மி.லி., இ.எஃப். 85 என்றெல்லாம் திரையில் வருவது இப்படித்தான். அந்த எண்ணை அப்படியே ரிப்போர்ட்டில் தட்டிவிட்டு, கீழே "மிக நல்ல சுருக்கத்திறன்" என்று எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மென்பொருளுக்குக் குழி கண்ணில் படவில்லை, நடந்தது அவ்வளவுதான். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இது அடிக்கடி நேர்வதால், ஒரே மென்பொருளில் கூடப் பெண்களுக்கான இயல்பு எல்லை ஆண்களுக்கானதைவிட உயர்வாக இருக்கிறது; அதில் ஒரு பங்கு உடலமைப்பு, ஒரு பங்கு இந்த மங்கல்.

சரி, அப்படியென்றால் ஸ்மூத் ஆக்காமலே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். முடியாது, ஏனென்றால் கேட்டிங் செய்ததும் கவுண்ட் சிதறிவிடுகிறது. ஒரு இதயத்துடிப்பை 8 ஃப்ரேமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. நாய்ஸின் (தற்செயலாக வரும் புள்ளிகளின்) விகிதம் 8-இன் வர்க்கமூலம், அதாவது கிட்டத்தட்ட 2.8 மடங்கு கூடுகிறது. 16 ஃப்ரேம் என்றால் 4 மடங்கு. இந்த அளவு நாய்ஸை அப்படியே விட்டால் சுவரில் இல்லாத ஓட்டையும் இல்லாத திட்டும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறித் துள்ளும், மென்பொருள் அவற்றின் பின்னால் ஓடும். வால்வுப் பக்கத்துத் தளம் ஒரு ஃப்ரேமில் மேலே, அடுத்ததில் கீழே என்று குதிக்கும். ஈரலோ குடலோ கீழ்ச்சுவரை ஒட்டிப் பிரகாசமாக இருந்தால் கோடு அந்தப் பக்கம் தாவிவிடும். ஃபில்டர் ரொம்பக் கூர்மையாக இருந்தால் இ.எஃப். ஒரே திசையில் சாயாது, தாறுமாறாக ஆடும். ரொம்ப ஸ்மூத்தாக இருந்தால் அழகாக, நிலையாக, தப்பான ஒரு எண்ணைக் கொடுக்கும். இரண்டாவதுதான் ஆபத்து என்பேன், ஏனென்றால் ஆடுகிற எண்ணைப் பார்த்ததும் யாருக்கும் சந்தேகம் வரும், நிலையான எண்ணைப் பார்த்து யாருக்கும் வராது.

இதனால்தான் கேட்டட் படத்துக்கு ஒரு ஃபில்டரும், எல்லா ஃப்ரேமையும் கூட்டிய சாதாரண பெர்ஃப்யூஷன் (ரத்த ஓட்ட) படத்துக்கு இன்னொன்றும் வைக்கிறார்கள். கவுண்ட் வளமாக இருக்கும் கூட்டுப் படத்துக்குக் கூர்மையானது, வறட்சியான கேட்டட் படத்துக்கு ஸ்மூத்தானது. ஒன்றுக்கு வைத்ததை மற்றதற்குப் போட்டுவிட்டு எண் சரியில்லை என்று தேடுவதும் நடக்கிறது, மென்பொருள் மெனுவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அது அப்படி ஒன்றும் அதிசயமில்லை.

பெரும்பாலோர் பயன்படுத்துவது பட்டர்வொர்த் ஃபில்டர். ஸ்டீபன் பட்டர்வொர்த் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1930-இல் மின்சுற்றுகளுக்காக எழுதிய கணக்கு அது. இதயத்தோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதில் திருப்ப இரண்டு குமிழ்: கட்ஆஃப், ஆர்டர். கட்ஆஃப், எந்த அதிர்வெண்ணுக்கு மேல் உள்ள நுண்விவரத்தை வெட்டுவது என்ற எல்லை; அதைக் குறைத்தால் ஸ்மூத் கூடும். ஆர்டர், அந்த வெட்டு எவ்வளவு செங்குத்து என்பதைச் சொல்கிறது. அளவுக்கு மீறி ஏற்றினால் விளிம்பை ஒட்டி அலை அலையாகப் பொய்க்கோடுகள் வரும். படத்தின் மொத்தக் கவுண்டை பட்டர்வொர்த் மாற்றுவதில்லை, இருக்கிற கவுண்டைப் பக்கத்தில் பரப்புகிறது. சுவரிலிருந்து போனது குழிக்குள் வந்து விழுகிறது. குழி நிரம்புவது அதனால்தான்.

இரண்டில் கட்ஆஃப்தான் கொள்ளளவை அதிகம் அசைக்கிறது. ஆனால் நடைமுறையில் பெரிய தலைவலி கட்ஆஃபின் அலகு. "நாங்கள் 0.4 வைத்திருக்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். பிக்சல் 6.4 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். நைக்விஸ்ட் அதிர்வெண், அதாவது அந்தப் பிக்சலால் காட்டக்கூடிய உச்ச அதிர்வெண், பிக்சலின் இரு மடங்குக்கு ஒரு சுழற்சி, அதாவது ஒரு செ.மீ.க்கு 0.78 சுழற்சி. 0.4 என்பது நைக்விஸ்டில் பங்கு என்றால் உண்மையான கட்ஆஃப் செ.மீ.க்கு 0.31 சுழற்சி. அதுவே செ.மீ.க்குச் சுழற்சி என்றால் 0.40. பிக்சலுக்குச் சுழற்சி என்றால் செ.மீ.க்கு 0.625. ஒரே "0.4", கடைசி அர்த்தம் முதல் அர்த்தத்தைப் போல் இரண்டு மடங்கு. ஒன்றில் குழி நிரம்பிய வட்டம், இன்னொன்றில் புள்ளி புள்ளியாக நாய்ஸ்.

அதோடு முடியவில்லை. நைக்விஸ்டின் பங்காக வைத்திருந்தால் ஸூம் மாற்றும்போது ஃபில்டரும் சொல்லாமல் மாறும். அதே 0.4 பங்கு, ஆனால் ஸூம் போட்டுப் பிக்சல் 4.8 மி.மீ. ஆகிவிட்டது: நைக்விஸ்ட் 1.04, கட்ஆஃப் 0.42. யாரும் எதையும் தொடவில்லை, ஆனாலும் படம் கூர்மையாகிவிட்டது. சின்ன இதயத்துக்கு ஸூம் போட்டு எடுத்தால் இ.எஃப். நம்பும்படி வருகிறது என்று சொல்வார்கள். அது உண்மைதான், சின்னப் பிக்சலால் விளிம்பு நன்றாகப் பிடிபடுகிறது, ஆனால் சில இடங்களில் அதில் ஒரு பங்கு இந்த மறைமுக ஃபில்டர் மாற்றத்தின் கைவண்ணம்.

ஆர்டரிலும் இதே கூத்து. சில மென்பொருளில் "ஆர்டர்" என்று கேட்கும், சிலவற்றில் "பவர்" என்று கேட்கும், பவர் என்பது ஆர்டரின் இரு மடங்கு. ஆர்டர் 5 என்று ஓரிடத்தில் பார்த்துவிட்டு இன்னோரிடத்தில் பவர் 5 என்று போட்டால் அது ஆர்டர் 2.5. போதாக்குறைக்கு பட்டர்வொர்த் சமன்பாட்டையே இரண்டு விதமாக எழுதுகிறார்கள்: ஒன்றில் கட்ஆஃப் புள்ளியில் பாதி கடக்கும், வர்க்கமூலம் போட்ட வடிவத்தில் 70.7 சதவீதம் கடக்கும். ஆகவே ஒரு கம்பெனி மென்பொருளின் எண்களை இன்னொன்றில் அப்படியே தட்டுவது பயனில்லை. இன்னொரு இடத்தின் ஃபில்டரை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் எண்ணோடு அலகு, பிக்சல் அளவு, ஆர்டரா பவரா என்பது, எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள்.

ஃபில்டரை எங்கே போடுகிறோம் என்பதும் இதில் சேரும். பல கோணங்களில் எடுத்த தட்டைப் படங்களிலிருந்து (ப்ரொஜெக்ஷன்களிலிருந்து) முப்பரிமாணப் படத்தை மீளக்கட்டும் ஒரு முறையான ஃபில்டர்டு பேக் புரொஜெக்‌ஷனில், ப்ரொஜெக்‌ஷன் படங்களுக்கே இரு பரிமாணத்தில் முதலில் பட்டர்வொர்த் போட்டுவிட்டு, பிறகு ராம்ப் (மீளக்கட்டுவதற்கே தேவையான ஃபில்டர்) வைத்து மீளக்கட்டினால், மூன்று திசையிலும் ஒரே மாதிரி ஸ்மூத் ஆகும். அப்படிச் செய்யாமல் மீளக்கட்டும் நேரத்தில் ராம்போடு ஒரு ஜன்னலை (ஸ்மூத் ஆக்கும் வளைவை) பெருக்கிவிட்டு நிறுத்திக்கொண்டால் குறுக்குத் தளத்தில் மட்டும் ஸ்மூத் ஆகும், உடலின் நீளவாக்கில் ஆகாது. இதயம் சாய்ந்து கிடக்கும் உறுப்பு. அதனால் ஒரு சுவர் கூர்மையாகவும் இன்னொரு சுவர் மங்கலாகவும் தெரியும். இதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம், எண்ணில் மட்டும் வந்து நிற்கும்.

அப்புறம் நேரம். இதைப் பலர் மறந்தே விடுகிறார்கள், ஏனென்றால் சினி (ஃப்ரேம்களைத் தொடர்ந்து ஓட்டிக் காட்டும் படம்) ஓடும்போது துடிப்பு சீராகத் தெரிய வேண்டும் என்பதற்காக டெம்போரல் (நேரத்து) ஸ்மூத்திங் பல இடங்களில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். வழக்கமான வடிவம் 1-2-1: ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தன் மதிப்பை இரண்டு பங்கும், முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேமை ஒவ்வொரு பங்கும் எடுத்து நான்கால் வகுப்பது. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். 8 ஃப்ரேமில் கொள்ளளவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 120, 100, 70, 54, 66, 90, 104, 114. இ.எஃப். 55. இந்த வரிசைக்கே 1-2-1 போடுவோம். முதல் ஃப்ரேம் 113.5 ஆகிறது, நான்காவது 61 ஆகிறது. இ.எஃப். 46. உச்சியும் பள்ளமும் இரண்டும் தட்டையாகிவிட்டன. உண்மையில் ஃபில்டர் படத்தின் மேல் போடப்படுகிறது, கொள்ளளவு வரிசையின் மேல் இல்லை, அதனால் எண் இதே அளவு விழ வேண்டும் என்பதில்லை, திசை இதுதான்.

இதையே 16 ஃப்ரேமில் செய்தால் பக்கத்து ஃப்ரேம்கள் அவ்வளவு தள்ளி இருக்காது. பள்ளத்தின் இருபுறம் 60, 57, உச்சியின் இருபுறம் 118, 114 என்று வைத்தால், ஸ்மூத் ஆன பிறகு 56.25, 118, இ.எஃப். 52.3. பாதிப்பு மூன்று புள்ளிக்குள் நின்றுவிட்டது. ஃபில்டரே போடாவிட்டாலும் 8 ஃப்ரேம் என்பது தன்னளவில் ஒரு டெம்போரல் ஃபில்டர்தான், ஏனென்றால் ஒரு ஃப்ரேம் நேரத்துக்குள் நடந்ததையெல்லாம் அது சராசரியாக்கிவிடுகிறது. 16-உடன் ஒப்பிட்டால் 8 ஃப்ரேம் இ.எஃப். வழக்கமாக 3 முதல் 4 புள்ளி குறைவாக வருவது அதனால்தான். ஏற்கெனவே 8 ஃப்ரேம் எடுத்தவர் அதன் மேல் 1-2-1-உம் போட்டால் ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறார்.

இன்னொரு நுணுக்கம். டெம்போரல் ஃபில்டர் வட்டமாகச் சுற்றும், கடைசி ஃப்ரேமுக்கு அடுத்தது முதல் ஃப்ரேம். துடிப்பு ஒழுங்கில்லாத நோயாளிக்குக் கடைசி ஃப்ரேமில் கவுண்ட் குறைந்திருக்கும், நீளம் குறைந்த துடிப்புகள் அந்த ஃப்ரேமுக்கு வந்து சேர்வதே இல்லை. அந்தக் குறை, ஃபில்டர் போட்டதும் முதல் ஃப்ரேமுக்குள் ஒழுகுகிறது, அதுதான் விரிந்த நிலையைச் சொல்லும் ஃப்ரேம். சினியில் கடைசியில் ஒரு மினுக்கல் தெரிந்தால் முதலில் டெம்போரல் ஃபில்டரை அணைத்துவிட்டுப் பாருங்கள். மினுக்கலை மறைக்கத்தான் சிலர் அதைப் போடுகிறார்கள், அது நோயாளியின் ஈசிஜி பிரச்சினையைப் படத்துக்குள் தடவிவிடும் வேலை.

இப்போது பாருங்கள், சின்ன இதயம், 8 ஃப்ரேம், ஸ்மூத்தான பட்டர்வொர்த். ஒன்று மேலே தள்ளுகிறது, ஒன்று கீழே இழுக்கிறது, கடைசியில் இ.எஃப். 65 என்று மிக நியாயமான ஒரு எண் வருகிறது. அந்த நியாயம் தற்செயல். அடுத்த மாதம் யாரோ 16 ஃப்ரேமுக்கு மாற்றியதும் எல்லாச் சின்ன இதயமும் 68, 69 என்று ஏறும், புதிய முறை தப்பு என்று பழி அதன் மேல் விழும். இயல்பான எண் வந்தது என்பதற்காக ஃபில்டர் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொள்ளளவு இரண்டையும் தனியாகப் பாருங்கள், தப்பு அங்கேதான் வெளிப்படும்.

மூகா ஸ்கேனில் கதை கொஞ்சம் வேறு. அங்கே சிவப்பணுவில் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, இடது முன்சாய்வுக் கோணத்தில் தட்டையான படம் எடுத்து, வெண்ட்ரிக்கிளுக்குள் இருக்கும் கவுண்டையே கொள்ளளவாக எடுத்துக்கொள்கிறோம். விளிம்பு கொஞ்சம் வெளியே போனாலும் பின்னணியைக் கழித்தபின் பெரிய பாதிப்பு இருக்காது, அதனால் இடத்து ஃபில்டருக்கு அது அவ்வளவு அசைவதில்லை. அங்கே அதிகம் அசைப்பது பின்னணிப் பகுதியை எங்கே வைக்கிறோம் என்பது. மண்ணீரல் மேல் விழுந்தால் அளவுக்கு மீறிக் கழிபட்டு இ.எஃப். ஏறும். டெம்போரல் ஃபில்டர் மட்டும் அங்கேயும் அதே வேலையைச் செய்யும். நிரம்பும் வேகத்தை, அதாவது டயஸ்டாலிக் அளவீட்டை எடுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: வேகம் என்பது வளைவின் சரிவு, ஸ்மூத் ஆக்கினால் முதலில் சாகிறது சரிவுதான். வளைவுக்கு எத்தனை ஃபூரியர் ஹார்மோனிக் (வளைவைக் கட்டும் அடிப்படை அலைகள்) பொருத்தினோம் என்பதே அங்கே விடையை முடிவு செய்துவிடும். இதற்கு மாறாக ஃபேஸ் அனாலிசிஸ் (சுவரின் ஒவ்வொரு பகுதியும் எந்த நேரத்தில் சுருங்குகிறது என்று பார்ப்பது) முதல் ஹார்மோனிக்கை மட்டும் வைத்து ஓடுவதால் 8 ஃப்ரேமிலும் சமாளிக்கிறது.

ஓசெம் போன்ற இடரேட்டிவ் முறைகளில் (படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி மீளக்கட்டுபவை) ஃபில்டர் பிரச்சினை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. இடரேஷன் எண்ணிக்கையே அங்கே ஒரு ஃபில்டர்: குறைவாக நிறுத்தினால் குழி முழுதாகத் திறப்பதற்கு முன்பே படம் நின்றுவிடும், கூட ஓட்டினால் நாய்ஸ் பெருகும், அதை அடக்க மறுபடியும் ஒரு காஸியனோ பட்டர்வொர்த்தோ போடுவார்கள். ரெசல்யூஷன் ரிகவரி (கேமராவின் மங்கலைத் திருத்தும் கணக்கு) சேர்ந்த ஆஸ்டோனிஷ், எவல்யூஷன், ஃப்ளாஷ் 3டி போன்றவை சுவரை மெல்லியதாகக் காட்டும், அதனால் பழைய முறையில் உருவாக்கிய இயல்பு எல்லைகளை அவற்றின் மேல் வைத்துப் பார்ப்பது பொருந்தாது.

டிஐடி விகிதத்தைப் (உடற்பயிற்சியோ மருந்தோ கொடுத்து எடுத்த அழுத்த நிலைக் கொள்ளளவை ஓய்வு நிலைக் கொள்ளளவால் வகுத்தது) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஃபில்டரால் வரும் தவறுகளில் நோயாளிக்கு அதிகம் செலவு வைக்கக்கூடியது இது என்பதால் சொல்கிறேன். ஒரே நாள் முறையில் ஓய்வு நிலைக்குக் குறைந்த டோஸ், அழுத்த நிலைக்கு அதைவிட மூன்று மடங்கு அளவில் டோஸ். ஓய்வுப் படம் நாய்ஸாக இருக்கிறதே என்று அதற்கு மட்டும் ஸ்மூத்தான ஃபில்டர் போட்டால் ஓய்வுக் கொள்ளளவு சுருங்கும். இரண்டிலும் 58 மி.லி. இருந்திருக்க வேண்டிய இதயத்தில் ஓய்வு 50 ஆகிவிட்டால் விகிதம் 1.16. அழுத்தத்தில் இதயம் விரிகிறது, பல ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை. டோஸ் வேறாக இருந்தாலும் டிஐடி கணக்கிடும் இரண்டு படத்துக்கும் ஒரே ஃபில்டர்தான் போட வேண்டும், பார்ப்பதற்கு வேண்டுமானால் தனியாக இன்னொரு முறை செய்துகொள்ளலாம்.

எந்த ஃபில்டர் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: நீங்கள் நம்பும் இயல்பு எல்லைகள் எந்த ஃபில்டரில் உருவானதோ அதே ஃபில்டர். க்யூஜிஎஸ்ஸுக்கு ஒன்று, எமரிக்கு ஒன்று என்று அந்தந்த மென்பொருளோடு பரிந்துரை இருக்கும், அதை அலகோடு சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குப் பிடித்த மாதிரி நோயாளிக்கு நோயாளி திருகாதீர்கள். சின்ன இதயம் வந்தால், திருகுவதற்குப் பதிலாகச் சோதித்துப் பாருங்கள்: அதே டேட்டாவை வழக்கமான கட்ஆஃபிலும், அதற்குக் கொஞ்சம் மேலும் கீழுமாகவும் ஓட்டுங்கள். இ.எஃப். இரண்டு புள்ளி ஆடினால் அந்த எண்ணை எழுதலாம். உங்கள் கேஸ் மாதிரி பத்துப் புள்ளி ஆடினால் 67-உம் வேண்டாம் 77-உம் வேண்டாம், "65-க்கு மேல், குழி சிறியது என்பதால் துல்லியமாகச் சொல்ல இயலாது" என்று எழுதுங்கள். அந்தப் பெண்ணின் சிகிச்சைக்கு அதுவே போதும். இதில் ஒரு நல்ல விஷயம், ஐசிடி (ஆபத்தான துடிப்பை அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைக்கலாமா என்று 35 சதவீதத்தை வைத்து முடிவு எடுக்கும் இதயங்கள் பெரும்பாலும் பெரியவை, அங்கே ஃபில்டர் ஒன்றிரண்டு புள்ளிக்கு மேல் விளையாடுவதில்லை. ஆனால் 34-இல் நிற்கும் ஒருவருக்கு அந்த ஒன்றிரண்டும் கணக்குத்தான்.

மோசமான இடம் தொடர்கண்காணிப்பு. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களுக்கு இ.எஃப். 10 புள்ளி குறைந்து 50-க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்துவதைப் பற்றி யோசிப்பார்கள். அவர்களில் பலருக்குச் சின்ன இதயம், ஃபில்டர் ஒன்றாலேயே 10 புள்ளி நகரக்கூடிய அதே வகை. முதல் அளவீடு கேட்டட் ஸ்பெக்டில், அடுத்தது மூகாவில், அல்லது இரண்டுமே ஸ்பெக்ட் ஆனால் நடுவில் மென்பொருள் அப்டேட் ஆகி டீஃபால்ட் மாறிவிட்டது என்றால், கழித்து வரும் வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. பழைய ஸ்டடியின் ப்ரொஜெக்‌ஷன் டேட்டா ஆர்க்கைவில் இருந்தால் அதை எடுத்து இன்றைய ஃபில்டரில் மறுபடி ஓட்டி, புதியதோடு ஒப்பிடுங்கள், பத்து நிமிட வேலை. அது இல்லாமல் பழைய ரிசல்ட் பக்கத்தின் படம் மட்டும் இருந்தால் இரண்டு எண்ணையும் எழுதி, புராசஸிங் ஒன்றாக இல்லை என்று ரிப்போர்ட்டிலேயே சொல்லிவிடுங்கள், "குறைந்திருக்கிறது" என்ற வரியை மட்டும் எழுதாதீர்கள்.